ஒரே வகுப்பில் நான்கு புவியீர்ப்பு

"தம்பி, உங்கள் ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் முப்பத்தொன்பது வருகிறது. வியாழன் கிரகத்துக்கே இருபத்தைந்துதானே?"

2021-ஆம் ஆண்டு. பள்ளிகள் பூட்டிக் கிடக்க, பாடமெல்லாம் பெற்றோரின் கைப்பேசிக்குள் நடந்துகொண்டிருந்த காலம். பேசியவர் இயற்பியல் ஆசிரியை. இணையத்தில் இயங்கும்படி நான் எழுதிக் கொடுத்திருந்த தனி ஊசல் செய்முறையை மாணவர்களுக்கு அனுப்பி, ஒரு மீட்டர் நூலில் 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து வரச் சொல்லியிருக்கிறார். 40 நொடி வர வேண்டும். பாதி வகுப்புக்கு அப்படித்தான் வந்தது. சிலருக்கு 27 நொடி. சிலருக்கு 20. ஒரே ஒரு பையனுக்கு மட்டும் 80. கணக்குப் போட்டால் முடுக்கம் முறையே 9.8, 22, 39, 2.5.

"நான் இருபது வருடமாகப் பிள்ளைகள் தப்பாக அளப்பதைப் பார்த்திருக்கிறேன். தப்பு என்றால் சிதறிக் கிடக்கும். இது கட்டுக்கட்டாக வருகிறது. உங்கள் பக்கம் பாருங்கள்" என்றார்.

என் கணினியில் கச்சிதமாக 40 நொடி. என் கைப்பேசியிலும் 40. அரை நாள் நிரலை உருட்டிவிட்டு, கடைசியில் அவர் அனுப்பிய பட்டியலில் யார் யார் என்ன கைப்பேசி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். 39 வந்தவர்கள் எல்லாரிடமும் நொடிக்கு 120 முறை திரையைப் புதுப்பிக்கும் புது மாடல்கள். 22 வந்தவர்களிடம் 90 ஹெர்ட்ஸ் திரை. அந்த ஒற்றைப் பையன் அப்பாவின் ஐபோனைச் சார்ஜ் குறைந்த நிலையில், மின்சேமிப்பு முறையில் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறான். அந்த முறையில் சஃபாரி உலாவி அனிமேஷனை நொடிக்கு 30 பிரேமாக, அதாவது 30 படங்களாக, குறைத்துவிடும். வேகம் இரு மடங்கானால் அலைவு நேரம் பாதியாகும். முடுக்கம் நான்கு மடங்காகும். ஆசிரியை சொன்ன கட்டுகள் அப்படியே வந்து பொருந்தின.

என் நிரலில் இருந்த குற்றம் ஒரே வரி. ஒவ்வொரு பிரேமுக்கும் ஊசலை அறுபதில் ஒரு பங்கு நொடி நகர்த்தியிருந்தேன். உலகத்துத் திரையெல்லாம் 60 ஹெர்ட்ஸ் என்ற நினைப்பு.

அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் தொழில் பழகியது ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில். அங்கே நேரக்கோடு என்பதே பிரேம்களால் ஆனது. நான் கற்றபோது நொடிக்கு 12 பிரேம் என்பது புதிய கோப்பில் தானாக வரும் அமைப்பு. எத்தனை வேண்டும் என்று சொன்னால் ஃபிளாஷ் அதைக் கடைப்பிடிக்கப் பார்க்கும். மின்கல்விப் பாடங்கள் செய்யும் சென்னை நிறுவனங்களில் அப்போது எல்லாருமே அப்படித்தான் யோசித்தோம்: பந்து பிரேமுக்கு ஐந்து பிக்சல் நகரும், அவ்வளவுதான். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃபிளாஷுக்கு மூடுவிழா நடத்தியது. பழைய பாடங்களையெல்லாம் உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிலும், அதில் படம் வரையும் பரப்பான கேன்வாஸிலும் மாற்றி எழுதும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. மொழி மாறியது, பிரேமை எண்ணும் பழக்கம் மாறவில்லை.

உலாவியில் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் என்ற கட்டளை இருக்கிறது. அடுத்த முறை திரை வரையப்படுவதற்கு முன் என் செயல்கூற்றைக் கூப்பிடு என்பதுதான் அதன் பொருள். எத்தனை முறை கூப்பிடும் என்று அது எந்த வாக்குறுதியும் தரவில்லை. கூப்பிடும்போது நேர முத்திரை ஒன்றைக் கையில் கொடுக்கும். நான் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. போன முத்திரைக்கும் இந்த முத்திரைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அவ்வளவு நேரத்துக்கு ஊசலை நகர்த்தினால் எந்தத் திரையிலும் ஒரே வேகம். ஒரு சின்னப் பொறி: முத்திரை மில்லி நொடியில் வரும். இயற்பியல் சமன்பாடு நொடியில் இருக்கும். ஆயிரத்தால் வகுக்க மறந்தால் ஊசல் ஆடாது, மிக்சி பிளேடு போலச் சுழலும். என்னிடம் வேலை பழகியவர்களில் இதில் விழாதவர் யாரும் இல்லை.

திருத்தி அனுப்பினேன். மறுநாள் வேறொரு புகார்.

ஒரு மாணவி அளந்துகொண்டிருக்கும்போது கைப்பேசிக்கு அழைப்பு வந்திருக்கிறது. பேசிவிட்டுத் திரும்பினால் ஊசல் தலைக்கு மேலே சுற்றுகிறது. பின்னணிக்குப் போன பக்கத்துக்கு உலாவி அழைப்பை நிறுத்திவிடும். அது நல்லதுதான், பேட்டரி மிச்சம். திரும்பி வந்த முதல் பிரேமில் வித்தியாசம் 40 நொடி என்று வரும். 40 நொடியை ஒரே தாவலில் கடக்கச் சொன்னால் எந்தச் சமன்பாடும் தடுமாறும்.

இதற்கு நான் கடைசியில் போய்ச் சேர்ந்த ஏற்பாட்டை உண்டியல் என்று சொல்லித்தான் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். ஒவ்வொரு பிரேமிலும் கழிந்த நேரத்தை உண்டியலில் போடு. 240-இல் ஒரு பங்கு நொடி என்பது ஒரு காசு. உண்டியலில் எத்தனை முழுக் காசு தேறுகிறதோ அத்தனை முறை ஊசலை ஒரு காசு அளவுக்கு நகர்த்து; மிச்சம் உண்டியலிலேயே கிடக்கட்டும், அடுத்த பிரேமுக்கு உதவும். ஒரே பிரேமில் பத்தில் ஒரு பங்கு நொடிக்கு மேல் உண்டியலில் விழ விடாதே. இப்படிச் செய்தால் 60 ஹெர்ட்ஸ் திரையில் பிரேமுக்கு நான்கு காசு, 120-இல் இரண்டு காசு, விடை ஒன்றுதான்.

ஆனால் திரை ஓரத்தில் நான் வைத்திருந்த நிறுத்துக்கடிகாரம் உண்மை நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த மாணவி அழைப்பில் பேசிய 40 நொடியையும் சேர்த்தே அது எண்ணியது. ஊசல் ஒரு காலத்தில், கடிகாரம் இன்னொரு காலத்தில். கடிகாரத்தையும் அதே காசுகளால் ஓட்ட வேண்டும் என்று புரிய இன்னொரு நாள் பிடித்தது. விளையாட்டோ செய்முறையோ, அதற்குள் காலம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இடைநிறுத்தம், மெதுவாக ஓட்டுதல், மறுபடி தொடங்குதல் எல்லாம் அதன்பிறகு தானாகவே எளிதாகிவிட்டன.

இந்த இடத்தில் ஒரு பழைய குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாடத்தை வெளியிடுவதற்கு முன்பே ஊசல் என்னிடம் ஒருமுறை முரண்டு பிடித்திருந்தது. லேசாக இழுத்துவிட்டால் போகப் போக ஆட்டம் கூடிக்கொண்டே போனது. பத்தே நொடியில் வீச்சு இரு மடங்கைத் தாண்டியது. உராய்வு இல்லாத ஊசலின் வீச்சு மாறாமல் இருக்க வேண்டுமே தவிர வளரக் கூடாது. நான் செய்தது சோம்பேறி வைத்தியம்: ஒவ்வொரு பிரேமிலும் வேகத்தை 0.997 ஆல் பெருக்கினேன். பார்வைக்குச் சரியாகிவிட்டது. மேலாளர் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். நூல் நீளத்தை 25 சென்டிமீட்டராகக் குறைத்த அன்றுதான் சாயம் வெளுத்தது. குட்டை நூலில் பிழை வளரும் வேகம் நான்கு மடங்கு, என் 0.997-க்கு அதை அடக்கும் பலமில்லை. ஊசல் வெறி பிடித்தாற்போல் ஆடியது.

உண்மையான காரணம் இரண்டு வரிகளின் வரிசை. நான் முதலில் கோணத்தை, அதாவது இருக்குமிடத்தை, பழைய வேகத்தால் நகர்த்திவிட்டு, அப்புறம் பழைய கோணத்தில் கணக்கிட்டு வைத்திருந்த முடுக்கத்தால் வேகத்தை மாற்றியிருந்தேன். ஒவ்வோர் அடியிலும் துளி ஆற்றல் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. வரிசையை மாற்றி, முதலில் வேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புது வேகத்தால் கோணத்தை நகர்த்தினால் வீச்சு நெடுநேரம் கட்டுக்குள் நிற்கிறது. எண்ணியல் கணிதப் புத்தகங்களில் ஆய்லர் முறையின் வகைகள் என்று இது வரும். கல்லூரியில் நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த பாடம். இரண்டு வரியை இடம் மாற்றியதும் 0.997-ஐ அழித்தேன், அதை அழித்ததில் ஏற்பட்ட நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

இவ்வளவும் ஊசல் தானாக ஆடுவதைப் பற்றியது. விரல் பட்டவுடன் வேறு உலகம். தானாக ஓடும் அனிமேஷன் எழுதுவதைப் படம் வரைவதோடு ஒப்பிடலாம் என்றால், தொட்டால் பதில் சொல்லும் அனிமேஷன் நாய் வளர்ப்பது போல. எந்த நேரத்தில் யார் எங்கே தொடுவார்கள் என்று தெரியாது.

முதல் பதிப்பில், குண்டின் ஓரத்தைத் தொட்டால் குண்டின் நடுப்புள்ளி விரலுக்கு அடியில் துள்ளி வந்து நிற்கும். நூலிழைதான் வித்தியாசம், ஆனால் பொருளைப் பிடித்த உணர்வே போய்விடும். தொட்ட கணத்தில் விரலுக்கும் நடுவுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்து வைத்துக்கொண்டு, இழுக்கும் நேரம் முழுக்க அதைக் கழித்துக்கொண்டே வந்தால் துள்ளாது. அடுத்தது, விரல் பருமன். குண்டை 14 பிக்சல் ஆரத்தில் வரைந்திருந்தேன். சுட்டியால் பிடிக்க அது போதும், கட்டைவிரலால் முடியவில்லை. வரைவது 14-ஆகவே இருக்கட்டும், தொட்டதாகக் கொள்வது 30 வரை என்று பிரித்தேன். கண்ணுக்கு ஓர் அளவு, கைக்கு ஓர் அளவு.

பிறகு, தொட்ட இடம் ஒன்று, பதில் சொல்லும் இடம் வேறு என்ற புகார். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கேன்வாஸுக்கு இரண்டு அளவுகள் உண்டு: உள்ளே வரையும் தாளின் அளவு, பக்கத்தில் அது பிடிக்கும் இடத்தின் அளவு. என் தாள் 800 பிக்சல் அகலம். கைப்பேசியில், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ் மொழி அதை 360-ஆகச் சுருக்கிவிட்டது. விரலின் இடத்தைப் பக்கக் கணக்கில் வாங்கி, தாள் கணக்கில் அப்படியே பயன்படுத்தினால் இரண்டு மடங்குக்கு மேல் விலகும். கேன்வாஸ் பெட்டியின் இடது மேல் மூலையைக் கழித்து, இரு அகலங்களின் விகிதத்தால் பெருக்க வேண்டும். கோடுகள் மங்கலாகத் தெரிவதும் இதே குடும்பத்து நோய்தான்: திரையின் பிக்சல் அடர்த்தி 3 என்றால் தாளையும் மூன்று மடங்கு பெரிதாகத் தர வேண்டும்.

குண்டை இழுக்கும்போது பக்கமே மேலும் கீழும் உருண்டது இன்னொரு கூத்து. உலாவி அது தனக்கான விரல் அசைவு என்று நினைத்துக்கொண்டு, என் இழுவையைப் பாதியில் ரத்து செய்துவிடும். ரத்து செய்ததை பாயின்டர் (விரல் அல்லது சுட்டி) கேன்சல் என்ற நிகழ்வு சொல்லும். நான் விரலை எடுக்கும் நிகழ்வை மட்டுமே கவனித்ததால், ஊசல் யாரோ பிடித்திருப்பதாகவே நம்பிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. கேன்வாஸுக்கு டச் ஆக்‌ஷன் என்ற பண்பை 'நன்' என்று வைத்தேன், ரத்தையும் விடுதலையாகக் கொண்டேன், விரல் கேன்வாஸுக்கு வெளியே போனாலும் நிகழ்வு என்னிடமே வரும்படி பாயின்டரைப் பிடித்து வைத்துக்கொண்டேன். மூன்றும் சேர்ந்து மூன்று வரிகள்கூட இல்லை. கண்டுபிடிக்க ஒரு வாரம்.

விரலை எடுக்கும்போது ஊசலுக்கு என்ன வேகம் தருவது? கையின் கடைசி அசைவைக் கணக்கிட்டு அதே வேகத்தில் எறிவதுபோல் எழுதியிருந்தேன். அழகாக இருந்தது. அதில் எனக்குப் பெருமையும்கூட. ஆசிரியை ஒரே வாக்கியத்தில் வெட்டிவிட்டார்: "ஊசலைத் தள்ளக் கூடாது தம்பி, விட வேண்டும். ஆய்வகத்தில் தள்ளினால் நான் திட்டுவேன்." வேகத்தைச் சுழியமாக்கினேன். எது அழகு என்பதைப் பாடம்தான் முடிவு செய்யும்.

'தொடங்கு' பொத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பதிப்பில் அதை இரண்டு முறை தட்டினால் ஊசல் இரட்டை வேகத்தில் ஓடியது. ஒரு சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று கிளம்பிவிட்டது. நேர முத்திரைக்கு மாறியபின் அந்தப் பிழை போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை, ஒளிந்துகொண்டது. ஒரே பிரேமில் இரு சுழற்சிகளுக்கும் ஒரே முத்திரை கிடைப்பதால் இரண்டாவதற்குக் கழிந்த நேரம் சுழியம். வேகம் சரி; ஆனால் திரையை இருமுறை, மும்முறை வரைந்துகொண்டிருந்தது. கைப்பேசி சூடாகிறது என்று ஒரு பெற்றோர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் (ஆயத்த நிரல் தொகுப்பில்) எழுதும் இளைஞர்கள் "என் அனிமேஷன் என் கணினியில் மட்டும் இரு மடங்கு வேகமாக ஓடுகிறது, வெளியிட்டால் சரியாகிவிடுகிறது" என்று வரும்போது முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். ரியாக்ட் பதிப்பு 18-இலிருந்து, பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் ஸ்டிரிக்ட் மோடில், உருவாக்கும் கட்டத்தில் எஃபெக்ட் (பகுதி திரைக்கு வந்தபின் ஓடும் நிரல்) ஒருமுறை ஓடி, துப்புரவாகி, மறுபடி ஓடும். துப்புரவில் சுழற்சியை ரத்து செய்யாதவருக்கு இரண்டு சுழற்சிகள் மிஞ்சும்.

எந்த லைப்ரரியைக் கற்பது என்பதுதான் என்னிடம் வரும் முதல் கேள்வி, எப்போதும். ஒரு பெட்டி இங்கிருந்து அங்கே போக வேண்டும், மங்கி மறைய வேண்டும் என்றால் லைப்ரரியே வேண்டாம், சி.எஸ்.எஸ் போதும். பல அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நடுவில் நிறுத்தி, திருப்பி ஓட்ட வேண்டுமென்றால் ஜிசாப் நல்ல துணை; முன்பு சில கூறுகளுக்குக் காசு வாங்கிய அது 2025 முதல் முழுக்க இலவசம். விளையாடிப் பார்த்துக் கற்க பி5, முப்பரிமாணத்துக்கு த்ரீ ஜேஎஸ். ஆனால் ஊசலை ஒருமுறையாவது வெறும் கையால் எழுதிவிட்டு அங்கே போங்கள் என்பேன். லைப்ரரி தடுமாறும் நாளில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் வழி கிடைக்கும்.

கணக்கு எவ்வளவு வேண்டும் என்பது அடுத்தது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல், கொஞ்சம் திசையன், அவ்வளவுதான். ஆனால் பள்ளியில் மேல்நோக்கி வளர்ந்த y அச்சு இங்கே கீழ்நோக்கி வளரும் என்பதும், கோணம் ரேடியனில் வரும் என்பதும் விரலுக்குப் பழக வேண்டும். 350 பாகையிலிருந்து 10 பாகைக்குத் திரும்பச் சொன்னால் உங்கள் அம்பு 20 பாகை முன்னே போகாமல் 340 பாகை பின்னே சுற்றிக்கொண்டு வரும்; அதைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டால் அப்புறம் மறக்காது.

"என்னிடம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, வாடிக்கையாளரிடம் திணறுகிறது" என்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பதில். எங்கள் பாடத்திலும் பக்கவாட்டுப் பலகை ஒன்று திக்கித் திக்கித் திறந்தது. அதை 'லெஃப்ட்' மதிப்பை மாற்றி நகர்த்தியிருந்தோம். ஒவ்வொரு பிரேமிலும் உலாவி பக்கத்தின் அமைப்பை மறுபடி கணக்கிட வேண்டியிருந்தது. 'டிரான்ஸ்ஃபார்ம்' வழியாக நகர்த்தியதும் வெண்ணெய். இதைக் கேட்டுவிட்டு ஒருவர் தன் இணையப் பக்கத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் வில் சேஞ்ச் போட்டார்; இது நகரப் போகிறது, தனி அடுக்காக வைத்துக்கொள் என்று உலாவிக்குச் சொல்லும் பண்பு அது. 1080-க்கு 2400 பிக்சல் திரையை மூடும் ஓர் அடுக்குக்கு மட்டும் ஏறக்குறைய 10 எம்.பி நினைவகம் வேண்டும். அவருடைய பக்கம் பழைய கைப்பேசிகளில் திறக்கவே இல்லை. என் மேசை இழுப்பறையில் விரிசல் விழுந்த ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் எப்போதும் கிடக்கும். அதில் ஓடாத எதையும் நான் முடிந்ததாகக் கருதுவதில்லை.

அசைவே சிலருக்குத் தலைசுற்றல் தரும் என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். பாடத்தின் தொடக்கத்தில் கேமரா பாய்ந்து வருவதுபோல் ஒரு காட்சி வைத்திருந்தோம். குறைந்த அசைவு போதும் என்று கைப்பேசியில் ஒருவர் அமைத்திருந்தால், உலாவி அதை நமக்குச் சொல்லும். ஊசல் பாடம், அது ஆடட்டும். பாய்ச்சலை அவர்களுக்கு மட்டும் நிறுத்தினேன். கொஞ்ச நாளில் எல்லாருக்குமே நிறுத்திவிட்டேன். யாரும் தேடவில்லை.

எல்லாம் ஓய்ந்து ஒரு மாதம் கழித்து ஆசிரியை மறுபடியும் அழைத்தார். ஒரு மாணவனுக்கு மட்டும் 8.5 வருகிறதாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கைப்பேசி என்ன என்று கேட்டேன். சாதாரண 60 ஹெர்ட்ஸ். காசுக் கணக்கைச் சரிபார்த்தேன், முத்திரையைச் சரிபார்த்தேன், மாலை முழுக்க எண்களை அச்சிட்டுப் பார்த்தேன். ஒன்றும் தப்பில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் அந்தப் பையனை எத்தனை பாகை இழுத்துவிட்டாய் என்று கேட்கத் தோன்றியது. அறுபது.

சிறு கோணத்துக்கு மட்டுமே பொருந்தும் சூத்திரத்தில் அவன் விடையைப் போட்டிருக்கிறான். அறுபது பாகையில் ஆடும் உண்மை ஊசலும் ஏழு விழுக்காடு நேரம் அதிகமாகத்தான் எடுத்துக்கொள்ளும். சைன் சார்பை அப்படியே வைத்து எழுதியிருந்ததால், என் ஊசலும் அதைத்தான் செய்திருந்தது. பத்து பாகைக்கு மேல் இழுக்க முடியாதபடி பூட்டிவிடட்டுமா என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

"பூட்டாதீர்கள், தம்பி. ஏன் 8.5 வந்தது என்று நாளைக்கு வகுப்பில் கேட்கப் போகிறேன்."

அந்தப் பூட்டை நான் இன்றுவரை போடவில்லை.